தட்டு கொண்டுபோகாத வருடம்

“தட்டு எங்கே?” என்று கேட்டார் எஸ்தெர் நேனி.

“கொண்டு வரலை” என்றேன்.

“மறந்துட்டியா? பரவாயில்ல. இம்ரே, கடைக்குப் போயி…”

“மறக்கலை. வேணும்னேதான் கொண்டு வரலை.”

காரில் வரும்போது இந்தப் பதிலை வாய்க்குள்ளேயே இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். 

நியூ ஜெர்சியில் நியூ பிரன்ஸ்விக் என்ற ஊர். அங்கே எஸ்தெர் நேனி வீட்டின் பின்வாசல் படி. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம், செப்டம்பர் தொடக்கத்தில் வருகிற லேபர் டே விடுமுறை. என் இடுப்பில் இரண்டு வயது மகள் லீலா. பின்னால் என் கணவன் இம்ரே, ஈரத்துணி போர்த்திய இரண்டு பெரிய டிரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு. தோட்டத்தில் முப்பத்தைந்து பேர். அத்தனை பேரும் என் புகுந்த வீட்டார். அத்தனை பேருக்கும் சாப்பிடத் தட்டு இல்லை.

நேனி என்றால் ஹங்கேரி மொழியில் வயதில் மூத்த பெண்மணி. நாம் அத்தை, பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி. எஸ்தெர், என் மாமனாருக்கு அக்கா. குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

பேச்சு நடந்தது ஆங்கிலத்தில். எஸ்தெர் நேனியின் ஆங்கிலம் நாற்பது வருட அமெரிக்க வாழ்க்கைக்குப் பிறகும் கல் ரோட்டில் மாட்டு வண்டி போகிற மாதிரி இருக்கும். என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன்.

கடிதங்களுக்கு முதலில் பதில்

சென்ற வாரம் இந்தத் தொடரில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் இரண்டுக்குப் பதில் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

ஒருவர், கட்டின கணவனை “அவன், இவன்” என்று எழுதுகிறேனாம், தமிழ்ப் பெண்ணுக்கு அழகா என்று கேட்கிறார். ஐயா, எங்கள் வீட்டில் அவனுக்கு நான் நீ, எனக்கு அவன் நீ. வீட்டில் இல்லாத ‘ர்’ விகுதியைப் பத்திரிகையில் மட்டும் எதற்குத் தொங்கவிட வேண்டும்?

இன்னொருவர் சுற்றி வளைக்கவில்லை. “நீங்கள் மாட்டுக்கறி தின்றீர்களா?” தின்னவில்லை. பிறந்தது சுத்த சைவ வீட்டில். நாக்கு அப்படியே பழகிவிட்டது. ஆனால் என் அடுப்பில் கோழியும் வெந்திருக்கிறது, மாடும் வெந்திருக்கிறது. கிளறியவள் நான்தான். உப்புப் பார்ப்பது மட்டும் இம்ரேவின் வேலை. இதில் வெட்கப்பட எதுவும் எனக்கு அகப்படவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் மாதத்துப் போன்

1956இல் ஹங்கேரியில் தெருவுக்குத் தெரு ரஷ்ய டாங்கிகள் வந்த காலத்தில், ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி வந்தவர்கள் என் மாமனார் மிக்லோஷும், அவர் மனைவியும், அக்கா எஸ்தெரும். நியூ பிரன்ஸ்விக்கில் ஏற்கெனவே அவர்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். மாமனார் மெஷின் ஷாப்பில் சேர்ந்தார். எஸ்தெர் நேனி ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

வருடத்துக்கு ஒரு தடவை, லேபர் டே அன்று, மொத்தக் குடும்பமும் அவர் வீட்டுத் தோட்டத்தில் கூடும். யார் என்ன சமைத்துக் கொண்டு வர வேண்டும் என்பதை ஆகஸ்ட் நடுவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து அவர் சொல்லுவார். மாமனாருக்கு மாட்டுக்கறிக் குழம்பு. அமெரிக்கர்கள் வாயில் அது கூலாஷ். இவர்கள் வாயில் குயாஷ். எஸ்தெர் நேனியே முட்டைக்கோஸ் இலைக்குள் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைப்பார். ஒருத்திக்குக் கசகசா அரைத்து உள்ளே வைத்த ரோல். ஒருத்திக்கு வெள்ளரிக்காய் சாலட்.

எனக்குப் பேப்பர் தட்டு. கூடவே கப்பும் நாப்கினும்.

முதல் வருடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதிதாக வந்தவள், பாவம், சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அன்று பூராவும் மாமனாரின் கொப்பரை பக்கத்திலேயே நின்றேன். மூன்று கம்பிகளைக் கூட்டி நிறுத்தி, நடுவில் சங்கிலி கட்டி, அதில் இரும்புக் கொப்பரையைத் தொங்கவிட்டு, கீழே விறகு. வெங்காயம் வதங்கியதும் மாமனார் கொப்பரையைத் தீயிலிருந்து இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் சிவப்பு மிளகாய்ப் பொடியைப் போட்டார்.

“ஏன்னு தெரியுமா?” என்றார்.

“கருகினா கசக்கும்” என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு பீர் எடுக்கப் போனார். அந்தப் பத்து நிமிஷம்தான் அந்த வீட்டில் நான் சமைத்தது. எஸ்தெர் நேனி வந்து, “ஐயோ டியர், உன் புடவையில புகை ஏறும்” என்று அன்பாகச் சொல்லிக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் வருடம் நானே கேட்டேன். “நான் ஏதாவது செஞ்சு கொண்டு வரட்டுமா?”

“தேங்க்யூ, டியர். நீ கஷ்டப்படாதே. தட்டு போதும்.”

மூன்றாம் வருடமும் அதே டியர், அதே தேங்க்யூ. குரல் உயராது, முகம் கோணாது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இந்தத் தேங்க்யூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இம்ரேவிடம் சொன்னேன். “ஈஸியான வேலைதானே?” என்றான். அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்திவிட்டுத் தூங்கினேன்.

பார்சிப்பனியிலும் அதே

இதற்கு நடுவே ஒரு சித்திரை மாதம். பார்சிப்பனியில் நம்மவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து தமிழ்ப் புத்தாண்டுக்கு பாட்லக் வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்துப் போக வேண்டும். ஏற்பாடு செய்தவர் வசந்தா ஆன்ட்டி. கணவர் டாக்டர், பெரிய வீடு. நல்ல மனுஷிதான், இன்றைக்கும் சொல்லுவேன். போன் செய்தேன்.

“ஆன்ட்டி, நான் லெமன் ரைஸ் பண்ணி எடுத்துண்டு வரேன்.”

“அச்சச்சோ, லெமன் ரைஸ் மாலா பண்றாளேம்மா.”

“அப்போ தயிர் சாதம்?”

ஆன்ட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் ஓப்பனா சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. உங்க கிச்சன்ல நான்வெஜ்ஜும் குக் பண்றேள் இல்லியா… இங்க சில பேர் ஃபீல் பண்றா. எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ ஒண்ணு பண்ணேன், பேப்பர் பிளேட்ஸ் வாங்கிண்டு வந்துடேன். அதான் எல்லாரும் மறந்துடுவா.”

இரண்டு பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

போனேன். தட்டும் வாங்கிக்கொண்டுதான் போனேன். ஐம்பது தட்டு, பாக்கெட் பிரிக்காமல். திரும்பும்போது 287 ஃப்ரீவேயில் நான்தான் வண்டி ஓட்டினேன். பக்கத்தில் இம்ரே. பின்சீட்டில் லீலா தூங்கிக்கொண்டிருந்தாள்.

இம்ரேவைக் கட்டிக்கொண்டதற்காகக் கரூரில் என் அப்பா, “இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதே” என்று சொல்லிப் போனை வைத்ததை முன்பே எழுதியிருக்கிறேன். அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் கடிதம் போடுவாள். அப்பா வீட்டில் எனக்கு அடுப்பு இல்லை. நம்மவர்கள் நடுவில் என் அடுப்பு தீட்டு. புருஷன் வீட்டில் நான் தட்டுக்காரி. அப்படியென்றால் என் பெண் எந்த வீட்டுச் சாப்பாட்டை ‘எங்க வீட்டுச் சாப்பாடு’ என்று சொல்லும்?

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. நல்ல சுத்தமான கோபம். எக்ஸிட்டைத் தவற விட்டுவிட்டு, ஆறு மைல் தள்ளிப் போய்த் திரும்பி வந்தோம்.

“என்ன யோசிக்கறே?” என்றான் இம்ரே.

“உங்கம்மா என்ன சமைப்பாங்க?” என்றேன்.

பார்சிப்பனிக்கு நான் மறுபடி போனது மூன்று வருடம் கழித்து. வெறும் கையோடு போனேன், நன்றாகச் சாப்பிட்டேன், வந்தேன்.

எடுத்துக்கொள்கிற அளவு

என் மாமியாரை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டார். அவர் போனதோடு எஸ்தெர் நேனியின் பட்டியலில் ஒரு அயிட்டமும் போய்விட்டது என்று இம்ரே சொன்னான். சில்வாஷ் கொம்போட்ஸ். உருளைக்கிழங்கு மாவுக்குள் முழு பிளம் பழத்தை வைத்து உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, பட்டைப் பொடி சேர்த்து வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டுவது.

“கொழுக்கட்டை” என்றேன்.

“கொம்போட்ஸ்” என்றான் இம்ரே.

அவன் அப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. அதற்குள் மாமியார் எழுதிய கார்டுகள். நமக்கு வேண்டிய கார்டில் வெண்ணெய்க் கறை பட்டிருந்தது. இம்ரேவுக்கு ஹங்கேரி மொழி பேச வரும்; எழுத்து சின்ன வயதில் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் கற்றதோடு சரி. தட்டுத் தடுமாறி வாசித்தான்.

“உருளைக்கிழங்கு… ஒரு கிலோ. முட்டை ஒண்ணு. மாவு…” நிறுத்தினான். “இதென்ன, அளவே போடலையே. ‘மாவு, அது எவ்வளவு எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு.’ இப்படி எழுதினா யாருக்குப் புரியும்?”

எனக்குப் புரிந்தது. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். அந்த ஒரு வரியில், பார்க்காத மாமியாரை எனக்குப் பிடித்துவிட்டது.

புரிந்தது என்றேனே தவிர, இஞ்சினியரான என் கைக்கு அது வரவில்லை. முதல் தடவை உருண்டைகள் கொதிநீரில் இறங்கியதும் கரைந்து, பாத்திரம் முழுக்கக் கஞ்சி. நடுவில் பிளம் பழங்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. இரண்டாம் தடவை பயந்துபோய் மாவை அள்ளிக் கொட்டினேன். தரையில் போட்டால் எழும்பிக் குதிக்கும் போலிருந்தது. இம்ரே மென்று, மென்று, “அம்மாவோடது… இவ்ளோ நேரம் வாயில இருக்காது” என்றான்.

மே, ஜூன், ஜூலை என்று வாரம் தவறாமல் நடந்தது. இம்ரேவுக்குச் சமையல் தெரியாது. ஆனால் அவன் நாக்குக்கு ஞாபகம் இருந்தது. “இது இல்ல” என்பான். “இன்னும் கொஞ்சம் மெத்துனு” என்பான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டான். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. “இன்னும் வரலை. ஆனா கிட்ட வந்துட்டே” என்றான்.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூட்டோடு மசித்து, சாதம் ஆறப்போடுகிற மாதிரி அகலமாகப் பரப்பி ஆற விட வேண்டும். சூடாக இருந்தால் மாவை விழுங்கிக்கொண்டே இருக்கும், அப்புறம் கல்லாகிவிடும். அப்படியும் பிசுபிசுத்தபோது, ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில் வாங்கிய ரவையில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தேன். கார்டில் ரவை கிடையாது. வடை மாவு நீர்த்துப் போனால் நான் செய்கிற வேலை அது. செய்தேன். நின்றது. முட்டை? போட்டேன். கார்டில் இருக்கிறது, போட்டேன்.

ஆகஸ்ட் நடுவில் போன் வந்தது. “தட்டு, டியர். கப்பு, நாப்கின்.”

“நான் சில்வாஷ் கொம்போட்ஸ் பண்ணி எடுத்துட்டு வரேன்.”

எஸ்தெர் நேனி சிரித்தார். குழந்தை விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. “தட்டு போதும், டியர். தேங்க்யூ.”

பின்வாசல் படி

ஆக, நான் அந்தப் படியில் நின்றது இப்படித்தான்.

எஸ்தெர் நேனி என்னைத் தாண்டி இம்ரேவின் கையிலிருந்த டிரேயைப் பார்த்தார். ஒற்றை விரலால் ஈரத்துணியைத் தூக்கினார். மாவு தூவிய எண்பது உருண்டைகள். துணியை மெதுவாகத் திரும்ப விட்டார்.

“யார் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல. என் மாமியாரோட கார்டு இருந்தது.”

“ஸ்டவ் காலி இல்ல.”

“ஒரு அடுப்பு போதும்.”

“இது எங்க குடும்பத்துச் சாப்பாடு” என்றார். இப்போது டியர் இல்லை. “விளையாட்டு இல்ல. நீ தப்பாப் பண்ணினா செத்துப் போனவளுக்கு அவமானம்.”

இம்ரே பின்னாலிருந்து, “நான் போய்த் தட்டு வாங்கிட்டு வந்துடறேன்” என்று முணுமுணுத்தான்.

“நீ எங்கயும் போகக் கூடாது” என்றேன்.

தோட்டத்தில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். எனக்கு ஆங்கிலத்தில் சண்டை போட்டுப் பழக்கமில்லை; நியூ ஜெர்சி வந்ததிலிருந்து ‘சாரி’ சொல்லியே பழகிவிட்டேன். லீலாவை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

“இவ உங்க குடும்பம்தானே?” என்றேன். “இவளுக்கு இதை யார் செஞ்சு போடுவாங்க? நீங்களா? இன்னும் எத்தனை வருஷம்? அதோ உங்க பேரப் பசங்க, குயாஷ் வேண்டாம், ஹாட் டாக் வேணும்னு அடம் பிடிக்கறாங்க. உங்க பொண்ணு கடையில கேக் வாங்கிட்டு வந்திருக்கா. அவளை நீங்க தட்டு கொண்டு வரச் சொல்லலை. என்னை மட்டும்தான் சொன்னீங்க. மூணு வருஷம் கொண்டு வந்தேன். இனிமே கொண்டு வர மாட்டேன். நான் செய்யறேன்னு வந்து நிக்கறேன். எனக்கு ஒரு அடுப்பு கிடையாதா?”

எஸ்தெர் நேனியின் மகள் கேக் டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். சொல்லிவிட்டேன்.

எஸ்தெர் நேனி கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். விலகவில்லை.

அப்போது கொப்பரைப் பக்கத்திலிருந்து மாமனார் வந்தார். கையில் நீளக் கரண்டி. அக்காவிடம் ஹங்கேரி மொழியில் பேசினார். இம்ரே என் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான்.

“எஸ்தெர், நம்ம அம்மா எந்த ஊர்க்காரி?”

அவரே பதிலும் சொன்னார்.

“ஜெர்மன்காரங்க கிராமத்துல இருந்து வந்தவ. கல்யாணம் ஆகி வந்தப்போ நம்ம பாஷையில ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. அப்பாவோட அம்மா ஒரு வருஷம் அவளை அடுப்புகிட்ட விடல. கோழிக்குத் தீனி போடு, தண்ணி எடுத்துட்டு வான்னு சொல்லிட்டாங்க. இந்தக் கொம்போட்ஸ் அவ பொறந்த வீட்ல இருந்து கொண்டு வந்தது. நம்மளது இல்ல.”

“மிக்லோஷ், போதும்” என்றார் எஸ்தெர் நேனி.

மாமனார் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

“அதை அவ உனக்குச் சொல்லிக் குடுக்கல. என் பொண்டாட்டிக்குத்தான் சொல்லிக் குடுத்தா. மருமகளுக்கு.”

எஸ்தெர் நேனியின் முகம் சட்டென்று மாறியது. எழுபதை நெருங்கிய ஒரு மனுஷியின் முகத்தில் பத்து வயதுப் பெண்ணின் கோபத்தைப் பார்த்தேன். அம்மா தனக்குத் தராததை இன்னொருத்திக்குத் தந்த கோபம். அந்த அம்மாவை விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தவர் அவர். அப்புறம் பார்க்கவே இல்லை. அவருக்காக எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் படியை விட்டு நான் இறங்கவில்லை.

எஸ்தெர் நேனி நிலையிலிருந்து கையை எடுத்தார்.

“பின்னடுப்பு” என்றார். “சின்னது. அது மட்டும்தான் காலி.”

கண்ணாடி அலமாரி

அந்தப் பின்னடுப்பில் ஒரு நேரத்துக்கு ஆறு உருண்டைதான் வெந்தது. முதல் ஆறைப் போடும்போது எஸ்தெர் நேனி கைகளைக் கட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. உருண்டைகள் அடியில் போய்க் கிடந்தன. எழும்பவில்லை. நான் கும்பிடாத சாமி இல்லை.

ஒன்று எழும்பியது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது வாய் பிளந்து சிவப்பாகச் சாறு விட்டது. அதை மட்டும் கரண்டியில் எடுத்து, அங்கேயே நின்று, வாய் பொசுங்க நானே தின்றேன். மற்ற ஐந்தும் முழுசாக வந்தன.

எஸ்தெர் நேனி கூடத்துக்குப் போனார். சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. கண்ணாடி அலமாரியிலிருந்து பீங்கான் தட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெள்ளையில் நீலப் பூ. அமெரிக்கா வந்த பிறகு நடந்த அவர் கல்யாணத்துக்கு வாங்கியது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அதில் சாப்பிட்டதே இல்லையாம். தட்டு இருபத்திநாலுதான் இருந்தது. மீதிப் பேர் சூப் கிண்ணத்திலும், கேக் தட்டிலும், ஒரு பையன் சட்டி மூடியிலும் சாப்பிட்டார்கள்.

குயாஷ் முடிந்தது, முட்டைக்கோஸ் முடிந்தது. பிறகு என் உருண்டைகள், ஆறு ஆறாக. பிளம் பழத்தின் கொட்டையை எடுக்காமல் வைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். தின்றவர்கள் கொட்டையைத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைப்பார்கள், யார் எத்தனை என்று தெரிய வேண்டுமாம். பெரிய பெரிய ஆம்பிளைகள் பக்கத்துத் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு தின்றார்கள். கொப்பரைத் தீ அணைந்து, தோட்டத்தில் வெயில் சாய்கிற வரை இரண்டு மணி நேரம் நான் அடுப்பை விட்டு நகரவில்லை. தலைமுடியில் வெண்ணெய் வாசனை, முழங்கைவரை மாவு.

மாமனார் முதல் உருண்டையைப் பிட்டு வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் பொண்டாட்டி செய்யறது இதைவிடச் சின்னதா இருக்கும்” என்றார்.

அப்புறம் இன்னும் எட்டு சாப்பிட்டார்.

லீலாவுக்கு இம்ரே கொட்டையை நீக்கி ஊட்டினான். தாடையெல்லாம் சாறு வழிய, “இன்னும், அப்பா, இன்னும்” என்று தட்டைத் தட்டினாள். எஸ்தெர் நேனி சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. கிளம்பும்போது எல்லோரையும் கன்னத்தில் முத்தமிட்டு அனுப்பினார், என்னையும் சேர்த்து. தேங்க்யூ சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு வெற்றி மாதிரியே இல்லை. ஒரு கிழவியை அவர் வீட்டிலேயே, அவர் மனிதர்கள் முன்னால் நோக அடித்துவிட்டேனே என்றுதான் இருந்தது. அதற்காகத் திரும்பிப் போய்த் தட்டு வாங்கித் தருவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் போன் அடித்தது.

“பட்டைப் பொடி ஜாஸ்தி” என்றது குரல். ஹலோ கிடையாது, எப்படி இருக்கே கிடையாது. எஸ்தெர் நேனி.

“கார்டுல என்ன இருக்கோ அதான் போட்டேன்.”

“மாவுல ரவை போட்டிருக்கே. நாக்குல தெரியுது. எங்க வீட்ல ரவை போட மாட்டோம்.”

“எங்க வீட்ல போடுவோம்.”

“ஒரு தட்டோட விளிம்பு உடைஞ்சு போச்சு. கல்யாணத் தட்டு. உன்னாலதான்.”

“அலமாரியில பூட்டி வெச்சு யாருக்குக் காட்டப் போறீங்க?”

“முப்பத்தஞ்சு பேருக்கு எண்பது எப்படிப் போதும்? எனக்கு மூணுதான் கிடைச்சுது. நாலாவது எடுக்க வந்தா டிரே காலி. இஞ்சினியர்னு வேற சொல்லிக்கறே!”

“பெரிய அடுப்பைக் குடுத்திருந்தா நூத்தம்பது செஞ்சிருப்பேன்!”

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பிளம் பழம் எந்தக் கடையில் வாங்கினேன், அது பழமா, அதை யாராவது வாங்குவார்களா என்று அடுத்ததை ஆரம்பித்தார்.

இம்ரே லீலாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். “யாரு? என்ன ஆச்சு?”

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன். “எஸ்தெர் நேனி. திட்டறாங்க.”

மூன்று வருடத்தில் அந்த அம்மாள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, நானும் குரலை உயர்த்தினேன்.